1,500 ரூபாய்க்கு மூணு வருஷம், 9,000 கோடிக்கு நாலு மாசமா?

கடலோரக்காரன்:
நேத்து "இன்றைய செய்தி" திரியில அஞ்சல்பெட்டி சார் போற போக்குல ஒரு முத்து உதிர்த்துட்டுப் போயிருக்கார்: "அரசுப் பணத்தில் கை வைத்தவனுக்கு மூன்று வருடமே குறைச்சல். தொகை எவ்வளவு என்று பேசுவதே அசிங்கம்." அங்கேயே பதில் போட்டா திரி திசைமாறுதுன்னு நிர்வாகி வெட்டிடுவார். அதான் இங்கே.

விஷயம் தெரியாதவங்களுக்கு: நொய்டாவில் ஒரு துணை அஞ்சலகத்து போஸ்ட்மாஸ்டர். 1993 ல ஒருத்தர் பீகாரில் இருக்கிற அப்பாவுக்கு 1,500 ரூபாய் மணியார்டர் கட்டுறார். பணத்தை வாங்கிக்கிட்டு போலி ரசீது கொடுத்துட்டு, கணக்கில் ஏத்தாம அமுக்கிட்டார். வழக்கு நடந்து 2025 ல தீர்ப்பு. 3 வருஷம் சிறை, 10,000 அபராதம். ஆள் இப்ப கிழவர்.

விஜய் மல்லையா கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி பேர்ல பேங்க்குகளுக்கு வெச்ச பாக்கி சுமார் 9,000 கோடி. 2016 மார்ச்சில் லண்டனுக்குப் பறந்தார். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது 4 மாசம், 2,000 ரூபாய் அபராதம். அந்த 4 மாசத்தில் ஒரு நாளாவது உள்ளே இருந்தாரா? சார் பதில் சொல்லட்டும்.

அஞ்சல்பெட்டி:
சொல்கிறேன். முதலில் தலைப்பை மாற்றுங்கள். 1,500 ரூபாயை டீ செலவு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1993 இல் சுத்தத் தங்கம் 10 கிராம் சராசரியாக 4,140 ரூபாய். ஆபரணத் தங்கம் ஒரு பவுன் 3,000 பக்கம். ஆக அந்த ஆள் அமுக்கியது அரைப் பவுன். அரைப் பவுன் இன்றைக்கு என்ன விலை என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து "சில்லறைத் தொகை" என்று எழுதுங்கள், பார்ப்போம்.

சர்வீஸ் முழுக்கக் கவுன்டரில் பணம் எண்ணியவன் நான். அப்போது மணியார்டர் கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். 1,500 க்கு 75. அந்த 75 ஐயும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போலி ரசீதைக் கிழித்துக் கொடுப்பார்கள். அங்கே ஊரில் ஒரு பெரியவர் தபால்காரர் வருவார் என்று காத்திருப்பார். இதெல்லாம் கடலோரத்தில் காற்று வாங்குபவர்களுக்குத் தெரியாது.

தோசைக்கல்:
அப்ப இனிமே நீதிபதி தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி நகைக்கடை போர்டைப் பார்த்துட்டு வரணும்போல. "இன்றைய விலையில் குற்றவாளிக்கு மூணு வருஷம், சேதாரம் தனி."

சட்டக்கோழி:
இரண்டு பேருமே அடிப்படை தெரியாமல் பேசுகிறீர்கள். மல்லையாவுக்குக் கொடுத்த 4 மாதம் கடன் மோசடிக்கு அல்ல, நீதிமன்ற அவமதிப்புக்கு. டியாஜியோ என்ற மதுபானக் கம்பெனியிடமிருந்து வந்த 4 கோடி டாலரை நீதிமன்ற உத்தரவை மீறிப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றினார். அதற்குத்தான் அந்தத் தண்டனை. 1971 ஆம் ஆண்டு அவமதிப்புச் சட்டத்தில் உச்சமே 6 மாதமும் 2,000 ரூபாயும்தான். அந்தச் சட்டப்படி அதற்கு மேல் கிடையாது.

போஸ்ட்மாஸ்டர் விஷயம் பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதாவது இ.பி.கோ. 409. பொது ஊழியர் நம்பிக்கை மோசடி. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம், அல்லது 10 வருடம் வரை. 3 வருடம் என்பது சலுகை.

கடலோரக்காரன்:
கோழி, நீங்க சொன்னதுதான் என் பாயின்ட்டே. கவுன்டர்ல உட்கார்ந்து 1,500 எடுத்தவனுக்குச் சட்டத்தில் ஆயுள் வரை இடம் இருக்கு. பொய்க் கணக்கு காட்டி பேங்க்ல கடன் வாங்கி ஏமாத்தினவனுக்கு 420 பிரிவில் உச்சம் 7 வருஷம். எழுதும்போதே அளவுகோல் ரெண்டு.

அப்புறம் சார், தங்கக் கணக்கை மூட்டை கட்டி வெச்சிருங்க. 1,500 ரூபாயை 8 சதவீதக் கூட்டு வட்டியில் 32 வருஷம் போட்டா 17,600 வருது. அவ்வளவுதான். ஏன் 8 சதவீதம்னு கேட்பீங்க. மல்லையாவை அந்த 4 கோடி டாலரைத் திருப்பிக் கட்டச் சொன்னப்போ உச்ச நீதிமன்றம் போட்ட வட்டி அதே 8 சதவீதம்தான். அவருக்கு வட்டி, போஸ்ட்மாஸ்டருக்கு மட்டும் பவுனா?

அஞ்சல்பெட்டி:
நல்லாத்தான் இருக்கிறது. 1993 இல் அஞ்சலகத்தில் என்ன வட்டி கொடுத்தோம் என்று தெரியுமா உங்களுக்கு? 8 சதவீதமாம், கூட்டு வட்டியாம். அரைப் பவுன் அரைப் பவுன்தான். பவுன் 2025 இலேயே 70,000 ஐத் தாண்டிவிட்டது. அந்த விலைக்கே பாதி 35,000. உங்கள் 17,600 இல் ஒரு மூக்குத்தியும் வளையமும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கோழி சொன்ன 409 ஐ மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நைட்சர்வீஸ்:
பெரியவருக்கு வணக்கம். நான் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். சின்னக் காசுக்கு ஆள் காலியாகிற கதை எங்க டிப்பார்ட்மென்ட்ல இல்லாததா. கர்நாடகாவில் ஒரு கண்டக்டர், செக்கிங்ல பையில 93 ரூபாய் கூடுதலா இருந்துச்சு. வேலை போச்சு. உச்ச நீதிமன்றம் வரை போய், "தொகை முக்கியமில்லை, நம்பிக்கை போனதுதான் முக்கியம்"னு நீக்கினது சரின்னுட்டாங்க. 93 ரூபாய்ங்க. பேட்டா காசையும் டீ காசையும் எழுதி வெக்க மறந்தாலே அவ்வளவு வரும். அதே நம்பிக்கைப் பேச்சை பேங்க் சேர்மன் விஷயத்தில் யாராச்சும் பேசிக் கேட்டிருக்கீங்களா?

அஞ்சல்பெட்டி:
மறந்ததா? சொந்தக் காசை டிரிப் ஷீட் என்கிற கணக்குத் தாளில் எழுதாமல் பஸ் ஏறுவது மறதியா, மரபா? டிக்கெட் பின்பக்கம் "பாக்கி 7" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டாண்டில் இறங்கியதும் காணாமல் போகிறவர்கள் நம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

நைட்சர்வீஸ்:
ஐயா, மரியாதையா பேசிட்டிருக்கேன். முதியோர் பென்ஷன் மணியார்டர் கொண்டுவந்து "பாட்டி, செலவுக்கு"ன்னு இருபதை உருவிக்கிட்டு மீதியை எண்ணிக் கொடுக்கிறது எந்த டிப்பார்ட்மென்ட்? அந்தப் பாட்டி கையெழுத்து போட்டது முழுத் தொகைக்கு. அது எத்தனை பவுன் வரும்னு கணக்கு போடுங்க.

தோசைக்கல்:
ஆஹா, டிப்பார்ட்மென்ட் சண்டை ஆரம்பிச்சாச்சு. ரயில்வே ஆளுங்க யாராவது இருந்தா சீக்கிரம் வாங்க.

அஞ்சல்பெட்டி:
பாட்டிகள் அவர்களாகப் பிரியப்பட்டுக் கொடுப்பது வேறு. அதைக் கையாடல் என்று சொல்வது விஷமம். என் அலுவலகத்தில் ஷார்டேஜ் வந்தால் அன்று மாலையே சொந்தக் காசைப் போட்டு யு.சி.ஆர். என்கிற இதர வரவுக் கணக்கில் வரவு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஒத்தைப் பைசாவுக்கும் வேலையே போகக்கூடிய ரூல் 14 துறை விசாரணை வரும். அந்தப் பயத்தில்தான் துறையே நின்றது.

பரமக்குடிப் பையன்:
எல்லாரும் மல்லையாவையே பிடிச்சு தொங்குறீங்க. அவர் பழைய கதை. சந்தேசரா சகோதரர்கள் விஷயம் யாரும் பார்க்கலையா? ஸ்டெர்லிங் பயோடெக் பேங்க் கடன் மோசடி வழக்கு. 2017 ல நாட்டை விட்டுப் போனாங்க, 2020 ல தலைமறைவுப் பொருளாதாரக் குற்றவாளின்னு அறிவிச்சாச்சு. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 5,100 கோடி கட்டினால் வழக்குகளை எல்லாம் முடிச்சுக்கலாம்னு ஒத்துக்கிச்சு. இதை முன்னுதாரணமா எடுத்துக்கக் கூடாதுன்னு ஒரு வரியும் சேர்த்து.

அந்த ஒரு வரி யாருக்காகன்னு நினைக்கிறீங்க? நம்ம போஸ்ட்மாஸ்டருக்காகத்தான். அவர் போய் "நானும் கட்டிடறேன் சாமி"ன்னு கேட்டுடக் கூடாதில்ல.

சட்டக்கோழி:
போஸ்ட்மாஸ்டர் கட்டியிருந்தாலும் தப்ப முடியாது. இ.பி.கோ. 403 இன் முதல் விளக்கத்திலேயே இருக்கிறது: கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்தினாலும் அது கையாடல்தான். திங்கள் எடுத்து வெள்ளி வைத்தாலும் குற்றம் குற்றமே.

இன்னொன்றும் சொல்கிறேன், இதில் எனக்கே உடன்பாடில்லை. இ.பி.கோ.வுக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் முறை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றால் சமூக சேவை செய்யச் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அது திருட்டுக்கு மட்டும். பொது ஊழியர் நம்பிக்கை மோசடிக்கு 316(5) இல் அதே பழைய ஆயுள் தண்டனை அப்படியே நிற்கிறது. அஞ்சலகத்துக்குள் ஜன்னலேறிக் குதித்து 1,500 ஐத் திருடியவனுக்குக் கூட...

பரமக்குடிப் பையன்:
...தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி அனுப்பிடுவாங்க. புரியுது.

சட்டக்கோழி:
ஜன்னலேறிக் குதித்தால் அது வீடு புகுந்து திருடிய கணக்கு, தனிப் பிரிவு. முடிக்க விடாமல் குறுக்கே வராதீர்கள். போன மாதம் ரேஷன் கடைத் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

பரமக்குடிப் பையன்:
நீங்கதான் ஜன்னலை ஆரம்பிச்சீங்க. ரேஷன் கடைத் திரியில யார் தோத்தாங்கன்னு ஊருக்கே தெரியும்.

கொங்குச்சீமை:
இங்க எல்லாரும் வடநாட்டுக் கதையே பேசறீங்கொ. வருமானத்துக்கு மேல 10 சதவீதம் வரைக்கும் சொத்து இருந்தா பரவால்லைன்னு ரொம்ப முன்னாடியே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்குதுங்க. அதை வெச்சுத்தான் 2015 மே மாசம் கர்நாடக உயர் நீதிமன்றம் அம்மா வழக்கில் 8.12 சதவீதம்தான்னு விடுதலை பண்ணுச்சு. கடன் தொகைகளைக் கூட்டினா 10.67 கோடி வர்ற இடத்துல 24.17 கோடின்னு போட்டிருந்தாங்க. பதிமூணரைக் கோடி கூட்டல் பிழை. இது போஸ்டாபீஸ் கவுன்டர்ல நடந்திருந்தா அஞ்சல்பெட்டி ஐயா ரூல் 14 போட்டிருப்பாரு.

தோசைக்கல்:
வந்துட்டாருய்யா. எந்தத் திரியா இருந்தாலும் பெங்களூரு பஸ் பிடிச்சுடுவார்.

மறத்தமிழன்_திருச்சி:
கொங்கு, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செஞ்சு சசிகலா நாலு வருஷம் முழுசா பரப்பன அக்ரஹாராவில் இருந்துட்டு 2021 ஜனவரியில் வெளியே வந்தாங்க. அதைச் சொல்லாம பாதியை மட்டும் சொல்றது உங்க வழக்கம். உங்க கட்சிக்காரங்க எத்தனை பேர் உள்ளே போனாங்கன்னு பட்டியல் போடட்டுமா?

கொங்குச்சீமை:
எனக்குக் கட்சி இல்லீங்க. கூட்டல் தெரியும், அவ்வளவுதான்.

நிர்வாகி:
கட்சிப் பேச்சு வேண்டாம். பட்டியல் போட்டால் நீக்கப்படும். மறத்தமிழன், இது உங்களுக்கு இரண்டாவது எச்சரிக்கை.

மறத்தமிழன்_திருச்சி:
ஆரம்பிச்சது அவர். எச்சரிக்கை எனக்கு. திரியோட தலைப்புக்கு உதாரணம் இங்கேயே கிடைச்சுடுச்சு.

கடலோரக்காரன்:
😂 சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். அதே 2015. சத்யம் ராமலிங்க ராஜு, 7,000 கோடிக்கு மேல பொய்க் கணக்கு. 2009 ஜனவரியில் அவரே கடிதம் எழுதி ஒத்துக்கிட்டார். ஏப்ரலில் 7 வருஷம் தண்டனை. மே மாசம் தண்டனையை நிறுத்தி வெச்சு ஜாமீன். ஒரே மாசம். அஞ்சல்பெட்டி சார், இதை எத்தனை பவுன்னு சொல்லுவீங்க?

சட்டக்கோழி:
அதற்கு முன்பே அவர் விசாரணைக் கைதியாக இரண்டரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அதை ஏன் விழுங்கினீர்கள்? போஸ்ட்மாஸ்டருக்கும் ஜாமீனுக்கு வழி இருக்கிறது. தண்டனை 3 வருடத்தைத் தாண்டவில்லை, விசாரணையின்போது ஜாமீனில் இருந்தார் என்றால் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமே மேல்முறையீட்டுக்காக வெளியே விடும்.

கடலோரக்காரன்:
32 வருஷம் கோர்ட் வாசல்ல நின்னதுக்கு என்ன கணக்கு? அதைத் தண்டனையில் கழிப்பாங்களா? ராஜுவுக்கு 2009 ல வழக்கு, 2015 ல தீர்ப்பு. ஆறு வருஷம். 7,000 கோடிக் கணக்கைத் துருவ ஆறு வருஷம் போதும், ஒரு மணியார்டர் ரசீது போலின்னு கண்டுபிடிக்க முப்பத்திரண்டு வேணுமா?

அஞ்சல்பெட்டி:
இழுத்தது யார்? வாய்தா வாங்கியவர் யார்? தீர்ப்பைப் படித்தீர்களா? நானும் படிக்கவில்லை, ஆனால் எனக்குத் துறை தெரியும். கிழவர் கிழவர் என்கிறீர்கள், எடுக்கும்போது வாலிபன்தானே. மல்லையாவைப் பிடிக்க முடியவில்லை என்பதற்காகக் கையில் இருக்கிறவனை விட்டுவிட வேண்டுமா? பிடிபடாதவன் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதை வைத்துப் பிடிபட்டவனுக்கு மாலை போடாதீர்கள்.

1,500 சின்னத் தொகை என்று இதுவரை ஒருத்தரும் நிரூபிக்கவில்லை. அரைப் பவுன். இதற்குப் பதில் இல்லாததால்தான் ஆந்திரா, கர்நாடகா, நைஜீரியா என்று சுற்றுகிறீர்கள்.

பரமக்குடிப் பையன்:
நைஜீரியான்னு இந்தத் திரியில யாருமே சொல்லலையே சார்?

அஞ்சல்பெட்டி:
சந்தேசராக்கள் எண்ணெய்த் தொழில் அங்கேதான் செய்கிறார்கள். செய்தி படிக்காமல் செய்தி போட வருகிறீர்கள்.

நைட்சர்வீஸ்:
கையில இருக்கிறவன் எப்பவும் ஏன் போஸ்ட்மாஸ்டரும் கண்டக்டருமாவே இருக்கான்னுதான்யா கேட்கிறோம். லண்டன் டிக்கெட் எடுக்க எங்களால முடியாது, அதனாலதானே?

அஞ்சல்பெட்டி:
"பாக்கி 7" ஐ முதலில் கொடுங்கள். லண்டன் பிறகு.

நைட்சர்வீஸ்:
உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, பாட்டி இருபதோட கழிச்சுக்கிட்டு மீதி பதிமூணு நீங்க எனக்குத் தரணும்.

தோசைக்கல்:
இந்தத் திரியில ஒழுங்கா வந்த ஒரே கணக்கு இதுதான்.

கடலோரக்காரன்:
சார், கடைசியா ஒரு கேள்வி. 4,140 ங்கிறது 24 காரட், வருஷச் சராசரி. அதை 22 காரட் பவுனாக்கும்போது 3,000 பக்கம்னு பொத்தாம்பொதுவா முடிச்சிட்டீங்க. மணியார்டர் கட்டின மாசத்து விலையைச் சொல்லுங்க, அப்புறம் அரைப் பவுனா, முக்காலே மூணுவீசமான்னு பார்ப்போம்.

அஞ்சல்பெட்டி:
மாத விலை என்னிடம் இருக்கிறது. 1993 இல் மகள் நகைக்கு வாங்கிய ரசீதுகள் எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. செய்கூலியைக் கழித்து, கிராம் வாரியாக நாளைக் காலை போடுகிறேன். அதுவரை நிர்வாகி திரியைப் பூட்ட வேண்டாம்.