தலையைத் திருப்பும்போது காக்பிட் காட்சி திக்கித் திக்கி நகர்கிறது: குறை வெப்கேமிலா, சிமுலேட்டரிலா?

கேள்வி: சர்க்கியூட்_பழகுபவன்

அனைவருக்கும் வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் ஓப்பன்டிராக் மென்பொருளைக் கொண்டு ஹெட் டிராக்கிங் (நான் தலையைத் திருப்பினால் திரையில் காட்சியும் திரும்பும் ஏற்பாடு) பயன்படுத்தி வருகிறேன். தலையில் எந்தக் கருவியும் மாட்டிக்கொள்வதில்லை. மானிட்டரின் மேல் இருக்கும் சாதாரண வெப்கேம் என் முகத்தைப் பார்க்கிறது. ஓப்பன்டிராக்கின் நியூரல்நெட் டிராக்கர் அந்தப் படத்திலிருந்து தலையின் திசையைக் கணக்கிட்டு, ஃபிரீடிராக் 2.0 வெளியீட்டின் வழியாகச் சிமுலேட்டருக்கு அனுப்புகிறது.

செஸ்னா 172-இல் இடப்பக்கச் சர்க்கியூட் பறந்து பழகுகிறேன், அதாவது ஓடுபாதையை இடப்புறம் வைத்துச் செவ்வகமாகச் சுற்றிவந்து தரையிறங்குவது. டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையான பக்கம்) இருந்து பேஸுக்குத் (அதற்குக் குறுக்கான பக்கம்) திரும்பும் நேரத்தில், ஓடுபாதை எங்கே இருக்கிறது என்று இடப்புறமும் சற்றுப் பின்புறமும் பார்த்தாக வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் காட்சி வழுக்கிக்கொண்டு போகாமல், படி இறங்குவதைப் போல விட்டு விட்டு நகர்கிறது. ஓடுபாதையின் முனையைக் கண்ணால் பிடித்து வைக்க முடியாததால், ஒவ்வொரு முறையும் ஃபைனலுக்குத் (ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பகுதி) தாமதமாகத் திரும்பி, மையக்கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். சிமுலேட்டர் விநாடிக்கு 40 முதல் 45 ஃபிரேம் வரை காட்டுகிறது. ஓப்பன்டிராக்கின் அக்செலா ஃபில்ட்டரில் ஸ்மூத்திங்கை (அசைவை நிரவும் அளவை) கூட்டிப் பார்த்தேன். திக்கல் ஓரளவு மழுங்கியது. ஆனால் நான் தலையை நிறுத்திய பிறகும் காட்சி நகர்ந்துகொண்டே இருப்பதால் பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் பறப்பேன். போன ஞாயிறு காலையில் பறந்தபோது இவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. அன்று களைப்பு இல்லாததால் அப்படித் தெரிந்ததோ என்னவோ. புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் இது தீருமா என்பதே என் கேள்வி.

மறுமொழி: மூன்றாம்_இருக்கை

கார்டு வாங்குவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். "திக்கல்" என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள். சிமுலேட்டர் படம் வரைவதில் தடுமாறுவது ஒன்று. சிமுலேட்டர் ஒழுங்காக வரைந்துகொண்டிருக்க, தலை எங்கே இருக்கிறது என்ற செய்தி விட்டு விட்டு வந்து சேர்வது மற்றொன்று. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மட்டும் முற்றிலும் வேறு.

பிரித்தறிவது எளிது. ஓப்பன்டிராக்கை நிறுத்திவிட்டு, அதே இடத்தில், அதே உயரத்தில், ஜாய்ஸ்டிக்கின் ஹேட் சுவிட்சாலோ மவுஸாலோ காட்சியை இடப்புறம் அதே வேகத்தில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் குறை சிமுலேட்டர் பக்கம். வழுக்கிக்கொண்டு திரும்பினால் குறை டிராக்கர் பக்கம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதில் வேலையே இல்லை.

டிராக்கர் பக்கம் என்று தெரிந்தால் அடுத்த சோதனை. சிமுலேட்டரைச் சாளர நிலைக்கு மாற்றி, ஓப்பன்டிராக்கின் முகப்பை அதன் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தலையோடு சேர்ந்து திரும்பும் அந்த இளஞ்சிவப்பு ஆக்டோபஸை (யார் தேர்ந்தெடுத்தார்களோ, எனக்கு இன்றளவும் அது புதிர்தான்) அழகுக்காக வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். டிராக்கர் தந்த மூல எண்களும், ஃபில்ட்டரையும், தலை அசைவைக் காட்சியில் எத்தனை மடங்காக்குவது என்று சொல்லும் வளைகோட்டையும் கடந்து சிமுலேட்டருக்குப் போகும் எண்களும் அதே முகப்பில் தனித்தனியாகத் தெரியும். மூல எண்களே குதித்துக் குதித்து மாறினால் கேமராவையோ முகத்தைக் கண்டறியும் கணக்கையோ பாருங்கள். மூல எண்கள் ஒழுங்காக இருந்து மற்றவை மட்டும் தாவினால் உங்கள் அமைப்புகளில்தான் பிழை.

இந்தச் சோதனையைச் சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நியூரல்நெட் டிராக்கர் தன் கணக்கைப் பிராசஸரில்தான் போடுகிறது. சிமுலேட்டர் இல்லாத நேரத்தில் அதற்குத் தேவையான நேரம் தாராளமாகக் கிடைக்கும். சிமுலேட்டர் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொண்ட பிறகு அது வரிசையில் காத்திருக்க நேரும். அப்படியானால் டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ஓப்பன்டிராக்கின் முன்னுரிமையை ஒரு படி உயர்த்துங்கள். "ரியல்டைம்" என்ற கடைசிப் படியை மட்டும் தொட வேண்டாம். மவுஸுக்கும் விசைப்பலகைக்கும்கூட நேரம் கிடைக்காமல் கணினி உறைந்துபோகக்கூடும்.

ஃபிரேம் எண்ணிக்கையையும் ஒரு முறை கவனியுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் வி-சிங்க்குடன் (திரை புதுப்பிக்கும் கணத்தில் மட்டுமே படத்தை மாற்றும் அமைப்பு) 45 ஃபிரேம் ஓடினால் சில படங்கள் 16.7 மில்லிவிநாடியும் சில படங்கள் அதைப் போல் இரு மடங்கும் நிற்கும். நேராகப் பார்த்துப் பறக்கையில் இது கண்ணில் படாது. தலையைத் திருப்பினால் உடனே உறுத்தும். 30-இல் கட்டிவிட்டால் எண் குறைகிறது, சீர் கூடுகிறது, டிராக்கருக்கும் பிராசஸரில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

மறுமொழி: பழைய_கேமராக்காரன்

மேலே சொன்ன சோதனைகளோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் நண்பரே, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில் விடையை நீங்களே எழுதிவிட்டு, களைப்பின் மேல் பழி போட்டிருக்கிறீர்கள். இரவில் திக்குகிறது, ஞாயிறு காலையில் திக்கவில்லை. காலைக்கும் இரவுக்கும் உங்கள் கணினி மாறவில்லை. அறையின் வெளிச்சம்தான் மாறியது.

பெரும்பாலான வெப்கேம்களில் எக்ஸ்போஷர் தானியங்கி நிலையில் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் படம் இருட்டாக வராமலிருக்க, கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியைச் சேர்க்கிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிவிநாடிக்கு மேல் செலவிட முடியாது. கேமரா அந்த எல்லையைத் தாண்டத் தொடங்கியதும் யாரிடமும் சொல்லாமல் 15 ஃபிரேமுக்கு இறங்கிவிடும். வீடியோ அழைப்பில் இது நல்ல குணம். நமக்கோ இதுவே வில்லங்கம்.

உங்கள் வளைகோடு தலையின் 18 டிகிரி அசைவைக் காட்சியில் 90 டிகிரியாகப் பெருக்குகிறது என்றும், அரை விநாடியில் நீங்கள் இடப்புறம் திரும்புகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 30 ஃபிரேம் கேமரா அந்த அரை விநாடியில் 15 முறை உங்கள் தலையைப் பார்க்கும். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையே காட்சி 6 டிகிரி நகரும், அந்த இடைவெளியை ஃபில்ட்டர் நிரவிக்கொள்ளும். 15 ஃபிரேமானால் ஏழெட்டுப் பார்வைகள்தான். ஒவ்வொன்றும் 12 டிகிரி தாவல். அதை நிரவ வேண்டுமென்றால் ஸ்மூத்திங்கை அளவுக்கு மேல் கூட்ட வேண்டும், கூட்டினால் நீங்கள் சொன்ன அந்த மிதப்பும் தலைச்சுற்றலும் வரும். போதாததற்கு, நீண்ட எக்ஸ்போஷரில் திரும்பும் முகம் இழுபட்டு மங்கலாகப் பதிவாவதால் கணக்கிடும் திசையிலும் பிழை கூடும்.

நியூரல்நெட் டிராக்கரின் அமைப்புச் சாளரத்தைத் திறந்தால் உண்மையில் வந்துகொண்டிருக்கும் ஃபிரேம் எண்ணிக்கை அங்கேயே தெரியும். இரவில் பாருங்கள். 15-ஐ ஒட்டி இருந்தால் கேமரா அமைப்பைத் திறந்து எக்ஸ்போஷரின் தானியங்கிக் குறியை எடுத்துவிடுங்கள். அங்கே எக்ஸ்போஷர் −4, −5, −6 என்று விசித்திரமான எண்களாக இருக்கும். அவை இரண்டின் அடுக்குகள்: −4 என்றால் 1/16 விநாடி, −5 என்றால் 1/32, −6 என்றால் 1/64. −5-க்கோ அதற்குக் கீழேயோ வந்தால்தான் 30 ஃபிரேம் நிலைக்கும். படம் இருண்டுபோகும்; அதை கெயினை (கேமரா தன் சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டிச் சரிசெய்யாமல், முகத்துக்கு நேராக ஒரு விளக்கு வைத்துச் சரிசெய்யுங்கள். கெயின் கூடினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், தலை அசையாமல் இருக்கும்போதே காட்சி நடுங்கும்.

விளக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண மின்விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமரா அமைப்பில் மின்னோட்ட அதிர்வெண் 60 என்று இருந்தால் படத்தில் பட்டைகள் ஓடும், டிராக்கர் குழம்பும். அதை 50-க்கு மாற்றுங்கள். கையால் 1/64 வைக்கும்போது இந்தத் திருத்தம் முழுமையாகக் கைகொடுக்காது, ஏனென்றால் 1/64 என்பது 1/100-இன் முழு மடங்கு அன்று. யுஎஸ்பி மின்சாரத்தில் எரியும் சிறிய எல்இடி விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அது நேர்மின்சாரத்தில் இயங்குவதால் மின்வாரியத்தின் அதிர்வெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மறுமொழி: தரைக்கட்டுப்பாடு

இத்தனை பாடுபடுவதைவிட ஹெட்போனில் மாட்டும் மூன்று அகச்சிவப்பு எல்இடி கொண்ட கிளிப்புக்கு மாறிவிடலாமே. கேமரா முகத்தைத் தேட வேண்டாம், மூன்று புள்ளிகளைக் கண்டால் போதும். பிராசஸருக்கும் வேலை மிகக் குறைவு. நான் பழைய பிளேஸ்டேஷன் 3 ஐ கேமராவைப் பயன்படுத்துகிறேன். அது 640×480 அளவில் 60 ஃபிரேம் தருகிறது. உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பானைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கப் பழைய ஃபிளாப்பி வட்டின் கருப்புப் படலத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன். வெயில் நேராக விழும் சன்னல் மட்டும் பின்னால் இருக்கக் கூடாது. இருந்தால் நான்காவதாக ஒரு புள்ளி முளைத்து விமானமே குட்டிக்கரணம் போட்டதைப் போல் காட்சி புரளும்.

மறுமொழி: மூன்றாம்_இருக்கை

கிளிப் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன் கருவியை மாற்றினால், நாளை அதே திக்கல் யுஎஸ்பி ஹப்பினால் வந்தாலும் கிளிப்பைத்தான் சந்தேகிப்போம். சுருக்கப்படாத 640×480 படம் 30 ஃபிரேமில் விநாடிக்குச் சுமார் 18 மெகாபைட் எடுத்துக்கொள்ளும். 1280×720 என்றால் 55 மெகாபைட், யுஎஸ்பி 2.0-இல் அது நடைமுறையில் கொள்ளாது. டிராக்கிங்குக்கு 640×480 தாராளம். ஜாய்ஸ்டிக், ஒலிக்கருவி எல்லாம் தொங்கும் ஹப்பில் கேமராவைச் செருகாமல், கணினியின் பின்புறத் துளையில் நேராகச் செருகுங்கள்.

மறுமொழி: சர்க்கியூட்_பழகுபவன்

மூவருக்கும் நன்றி. இரண்டு இரவுகள் சோதித்துவிட்டு எழுதுகிறேன். ஹேட் சுவிட்சால் திருப்பியபோது காட்சி பெரும்பாலும் வழுக்கியே சென்றது. ஆகவே குறை டிராக்கர் பக்கம் என்று உறுதியானது. அமைப்புச் சாளரத்தைத் திறந்து பார்த்தால் வெப்கேம் 15 ஃபிரேமில் நின்றது. அறையின் குழல்விளக்கு என் முதுகுக்குப் பின்னால் இருப்பதும், முகத்தில் விழும் ஒளி எல்லாம் மானிட்டரில் இருந்தே வருவதும் அப்போதுதான் உறைத்தது. இரவுப் பறத்தல் என்றால் காக்பிட்டும் இருட்டு. அதனால்தான் இரவு நேரத் தரையிறக்கத்தில் இன்னும் மோசமாக இருந்திருக்கிறது.

எக்ஸ்போஷரை −6 ஆக்கி, யுஎஸ்பி விளக்கு ஒன்றை மானிட்டரின் ஓரத்தில் பொருத்திய பிறகு 30 ஃபிரேம் அசையாமல் நிற்கிறது. அக்செலாவின் ஸ்மூத்திங்கைப் பழைய நிலைக்கே குறைத்துவிட்டேன், மிதப்பு போய்விட்டது. சிமுலேட்டரை 30 ஃபிரேமில் கட்டியதும் நல்ல மாற்றம். ஹப்பை மாற்றியதில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இன்னும் இரண்டு குறைகள் உள்ளன. இடப்புறம் முதல் முறை திரும்பும்போது மட்டும் ஒரு சிறு வெட்டு. இரண்டாம் முறை அதே பக்கம் பார்த்தால் இல்லை. நேராகப் பார்க்கும்போது கருவிப் பலகை இலேசாக நடுங்குகிறது.

மறுமொழி: பழைய_கேமராக்காரன்

முதல் வெட்டு டிராக்கருடையது அன்று. ஹேட் சுவிட்சிலும் "பெரும்பாலும்" வழுக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது இதுதான். திரைக்கு வெளியே இருந்த நிலப்பரப்பை, நீங்கள் திரும்பிய கணத்தில் சிமுலேட்டர் ஏற்ற வேண்டியிருக்கிறது. கிராஃபிக்ஸ் அமைப்புகளில் திரைக்கு வெளியே உள்ள நிலத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஒரு தெரிவு உண்டு, அதை உயர்த்துங்கள். நினைவகம் கூடுதலாகச் செலவாகும்.

நடுக்கம் வளைகோட்டினால் வருவது. உங்கள் திரை 1920 பிக்சல் அகலமும் அதில் தெரியும் காட்சி 60 டிகிரியும் என்றால், ஒரு டிகிரிக்கு 32 பிக்சல். டிராக்கரின் மூல எண்ணில் 0.2 டிகிரி நடுக்கம் இருந்து, நடுவிலேயே வளைகோடு ஐந்து மடங்கு பெருக்கினால், கருவிப் பலகை 32 பிக்சல் ஆடும். அப்படி ஆடினால் உயரமானியை யாரால் படிக்க முடியும்? வளைகோட்டின் முதல் ஐந்து டிகிரியை ஏறத்தாழத் தட்டையாக வைத்து, அதற்குப் பிறகு செங்குத்தாக ஏற்றுங்கள். ஸ்மூத்திங்கை மறுபடி கூட்டி இதைத் தீர்க்க முயல வேண்டாம்.

மறுமொழி: சர்க்கியூட்_பழகுபவன்

வளைகோட்டின் நடுப்பகுதியை முதல் நான்கு டிகிரி வரை தட்டையாக்கினேன். ஐந்து வைத்தால் பக்கவாட்டுச் சன்னலுக்குப் போகக் கழுத்தை அதிகமாகத் திருப்ப வேண்டியிருந்தது. கருவிப் பலகை நிலையாக நிற்கிறது. முன்கூட்டியே ஏற்றும் தெரிவை உயர்த்தியதும் அந்த முதல் வெட்டும் குறைந்திருக்கிறது, முற்றிலும் மறையவில்லை. நேற்று இரவு ஆறு சர்க்கியூட் பறந்ததில் நான்கு முறை மையக்கோட்டின் மேலேயே ஃபைனலுக்குத் திரும்பினேன். தவறிய இரண்டுக்கும் கேமராவைக் குறை சொல்ல வழியில்லை.