மகள் தட்டில் மீதி வைத்தால் மனம் பதறுகிறது

வைகைக்கரை:
எனக்கு 48 வயது. கோவையில் இருக்கிறேன். நேற்று இரவு மகள் முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு எழுந்தாள். மஞ்சள் கரு பிடிக்காதாம். கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வயிறு நிறைந்திருந்தும் அந்த மஞ்சள் கருவை நானே தின்றேன்.

பரமக்குடிப் பக்கம் மானாவாரிக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்குக் கரிமூட்டத்தில் வேலை. காலையில் நீராகாரம், வயிறு நிறைவது பள்ளிக்கூடத்துச் சத்துணவில்தான். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். நான் அதைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுபோவேன். தம்பியும் தங்கையும் வாசலிலேயே நிற்பார்கள். அம்மா தையல் நூலை இரு கையாலும் இழுத்துப் பிடித்து முட்டையை மூன்றாக அறுப்பார். கத்தி பட்டால் மஞ்சள் கரு உதிர்ந்துவிடும். நூலில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொள்வார். அவருடைய பங்கு அவ்வளவுதான்.

இன்று வீட்டில் எப்போதும் இரண்டு சிப்பம் அரிசி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மிஞ்சியதையெல்லாம் நானே சாப்பிடுகிறேன், சர்க்கரை ஏறிவிட்டது. இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சத்துணவு ஆயா மகன்:
அக்கா, என் அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். முட்டையைப் பாவாடையில் முடிந்துகொண்டு போகும் பிள்ளைகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கேயே தின்னச் சொல்ல அவருக்கு மனம் வராது. நான் உங்களுக்கு நேர்மாறு. சிறுவயதில் மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ் குடித்தவன். உடம்புக்கு நல்லது என்று இப்போது மனைவி காய்ச்சுகிறாள். கொதிக்கும் வாசனை வந்தாலே தெருவுக்குப் போய்விடுகிறேன். மீண்டேன் என்று சொல்ல முடியாது.

நிலா:
நான் உங்கள் மகளின் இடத்தில் வளர்ந்தவள். "நாங்கள் பட்ட கஷ்டம் உனக்குத் தெரியுமா" என்று அம்மா கேட்காத நாளில்லை. என்ன கஷ்டம் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடமாகியும், தட்டில் கடைசிக் கவளம் இருக்கும்போது யாரோ பின்னால் நிற்பது போலவே இருக்கிறது. நூல் கதையை மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள் அம்மா. ஆனால் சாப்பாட்டு வேளையில் வேண்டாம். தட்டு எதிரில் இருந்தால் எதைச் சொன்னாலும் திட்டுவது போலத்தான் கேட்கும்.

அடுப்படி:
அவள் சோற்றை அவளே போட்டுக்கொள்ளட்டும், முதலில் ஒரு கரண்டி. பானையில் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் ஆளுக்குக் கொஞ்சம் குடிக்கலாம். தட்டில் மிஞ்சுவதை மாட்டுக்கோ நாய்க்கோ வைத்துவிடுங்கள். சர்க்கரை வந்த உடம்பில் அதைக் கொட்டாதீர்கள்.

வைகைக்கரை:
நிலா, இன்று மாலை மாடியில் துணி மடிக்கும்போது சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கீழே போய் ஒரு முட்டையை வேகவைத்து, தையல் பெட்டியிலிருந்து நூலையும் எடுத்து வந்து, "அறுத்துக் காட்டுங்கள்" என்றாள். கை நடுங்கியதால் முதல் துண்டு கோணலாகப் போய்விட்டது. அடுத்ததை அவளே அறுத்தாள். மஞ்சள் கரு அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. கிண்ணத்தில் அப்படியே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.