கொக்குவில் குடும்பம் (கனடா, ஸ்காபுறோ கிளை)

சிவா: எல்லோருக்கும் வணக்கம். தொழிற்சாலையில் லே-ஓஃப் கடிதம் தந்துவிட்டார்கள். குகன் மாமா கடைக்குக் கிழமையில் மூன்று நாள் வரச் சொல்கிறார். அப்படிப் போனால் ஈ.ஐ. (வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதிக் காசு) எடுக்கலாமா?

மஞ்சு: ஐயோ. இரவு வேலைக்காரர் எல்லோரையுமா?

சிவா: ஓம். முழு ஷிஃப்டும்.

தர்சன்: மாமா கடையா? அதைவிட வீட்டில் இருக்கலாம் அண்ணா

குகன் மாமா: தர்சன், நீ கடையில் தின்ற பற்றிஸ் எல்லாம் கொப்பியில் இருக்கிறது.

ராசாத்தி பெரியம்மா: (குரல் பதிவு 1:52)

மஞ்சு: வேலையில் இருப்பவர்கள் இதைக் கேட்க முடியாதே, பெரியம்மா சொன்னதை எழுதுகிறேன். நம் வீட்டில் ஒருவரும் அரசாங்கக் காசில் இருந்ததில்லையாம். மிச்சம் முழங்கால் நோ.

பவானி அக்கா: பெரியம்மா, இது வெல்ஃபெயர் இல்லை. சிவாவின் ஒவ்வொரு சம்பளத்திலும் இதற்கென்று வெட்டினார்கள், முதலாளி அதைப்போல 1.4 மடங்கு கட்டினார். தம்பி, நீ எடு. பகுதிநேரம் போனாலும் எடுக்கலாம். முன்பு கிழமைக்குச் சராசரி 800 டொலர் உழைத்தாய் என்று வை. ஈ.ஐ. அதில் 55 வீதம், 440. கடையில் 300 உழைத்தால் அதன் பாதி, 150, கழியும். மிச்சம் 290. கடைச் சம்பளத்தோடு 590. சும்மா இருந்தால் 440 தான். கடை உழைப்பு மட்டும் பழைய உழைப்பில் 90 வீதத்தை, உன் கணக்கில் 720-ஐ, தாண்டினால் தாண்டியதெல்லாம் முழுசாக வெட்டுப்படும். முழுக் கிழமையும் வேலை செய்தால் அந்தக் கிழமைக்கு ஒன்றுமே இல்லை.

தர்சன்: அக்கா, பந்தி பிரித்து எழுதுங்கோ

குகன் மாமா: இவ்வளவு கணக்கு ஏன்? நான் கையில் தருகிறேன். ஒரு கரைச்சலும் இல்லை.

பவானி அக்கா: அதுதான் மாமா கரைச்சல். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவன் றிப்போட் போட வேண்டும். வரி வெட்ட முன்னுள்ள தொகை, அதுவும் வேலை செய்த கிழமைக்கு. சம்பளம் கைக்கு வந்த கிழமைக்கு இல்லை. மறைத்துப் பிடிபட்டால் எடுத்ததைத் திருப்பிக் கட்டி, தண்டமும் கட்ட வேண்டி வரும்.

குகன் மாமா: சீட்டுக் காசில் இந்தக் கணக்கைக் காணவில்லையே.

பவானி அக்கா: அந்தச் சீட்டை முதல் மாதமே கூறி எடுத்தது யார்?

மஞ்சு: சீட்டுக் கதை வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

சிவா: ஆர்.ஓ.ஈ. (கொம்பனி தரும் வேலைப் பதிவுப் பத்திரம்) இன்னும் வரவில்லை. வந்த பிறகு போடவா?

பவானி அக்கா: காத்திராதே. அனேகமாகக் கொம்பனி அதை நேரே, ஈ.ஐ. கொடுக்கும் சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பிவிடும். வேலை நின்று 4 கிழமைக்கு மேல் இழுத்தால் காசு போய்விடலாம். வேலை செய்த மணித்தியாலம் இடத்தைப் பொறுத்து 420 தொடக்கம் 700 வரை கேட்பார்கள், உனக்குத் தாராளமாக இருக்கும். முழுநேர வேலை தேடுவதை மட்டும் நிறுத்தாதே. எங்கெங்கே கேட்டாய் என்று எழுதி வை. அப்புறம் ஈ.ஐ.க்கும் வரி உண்டு, எல்லாவற்றையும் செலவழித்துவிடாதே.

தர்சன்: 👍

மஞ்சு: இதற்குள் ஒன்று. சாமத்திய வீட்டு ஹோலுக்கு வியாழன் அட்வான்ஸ். சிவாவின் பங்கை இந்த முறை விடுவோமா?

சிவா: விடத் தேவையில்லை.

மஞ்சு: கோபமா?

சிவா: இல்லை.

ராசாத்தி பெரியம்மா: (குரல் பதிவு 0:47)

மஞ்சு: றோல்ஸ் குகன் கடையில் வேண்டாமாம். போனமுறை உள்ளே உருளைக்கிழங்கு மட்டும்தானாம்.

குகன் மாமா குழுவிலிருந்து வெளியேறினார்

தர்சன் குகன் மாமாவைச் சேர்த்தார்

தர்சன்: மாமா, பகிடிக்குச் சொன்னது

குகன் மாமா: ஆட்டிறைச்சி விலை அக்காவுக்குத் தெரியுமா?

ராசாத்தி பெரியம்மா: சிவா மோனை சாப்பிட்டாயா

சிவா: ஓம் பெரியம்மா. மாமா, சம்பளத்தை பே ஸ்டப்போடு (சம்பளத் துண்டோடு) தருவீர்களா? தந்தால் திங்கள் வருகிறேன்.

குகன் மாமா: கணக்காளரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பவானி அக்கா: உங்கள் கணக்காளர் நான்தானே!

குகன் மாமா: அதனால்தான் வேறு ஆளிடம் கேட்கிறேன்.

சிவா: சரி. இன்றிரவு ஈ.ஐ.க்குப் போடுகிறேன். கடையைப் பிறகு பார்ப்போம்.

மஞ்சு: ஹோல் காசு யார் கட்டுகிறீர்கள்? ஒருவரும் பதில் போடவில்லை.