புதுப்பிப்பு: பழைய ஏரோ ரோடு சைக்கிள், சீட்போஸ்ட் ஆப்பு கிடைத்துவிட்டது

முன்பு கேட்டிருந்தது இதுதான்: ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) காலத்து ஏரோ ஃபிரேம், அதாவது காற்றுத் தடையைக் குறைக்கும் வடிவம்; சீட்போஸ்ட்டை, அதாவது இருக்கையைத் தாங்கும் தண்டை, உள்ளிருந்து கவ்விப் பிடிக்கும் ஆப்பில் விரிசல், கம்பெனி அந்தப் பாகத்தை நிறுத்திவிட்டது, என்ன வழி?

மாடல் பெயரை வைத்துத் தேடியவரை ஒன்றும் சிக்கவில்லை. பழைய உதிரிபாக வரைபடத்திலிருந்த பாக எண்ணைப் போட்டதும் வந்து விழுந்தது. அதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கும் இதே ஆப்புதானாம்! உருண்டை போஸ்ட் என்றால் 27.2 மி.மீ. எங்கேயும் கிடைக்கும், இந்த இறகு வடிவத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் கண்ணில் பட்டால் இரண்டாக வாங்கிவிடுங்கள். மாட்டும்போது வழுக்காமலிருக்க கார்பன் பேஸ்ட் தடவி, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, அச்சிட்ட அளவோடு நிறுத்துங்கள்.

பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டு சுழலும் பேரிங் பகுதி) பற்றிக் கேட்டவருக்கு: வெர்னியரில் அளந்தேன். அகலம் 86.5, உள்விட்டம் 41 மி.மீ. ஆக பிபி86 என்ற அளவு வகை. ஷிமானோவின் 24 மி.மீ. தண்டுள்ள கிராங்க் (பெடல் மாட்டும் கை) சிக்கலில்லாமல் உட்காரும். 30 மி.மீ. தண்டும் போடலாம்தான், ஆனால் பேரிங் மெலிந்துபோகும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

28 மி.மீ. அகல டயரா? மறந்துவிடுங்கள். சக்கரத்தை ஒட்டி வளைத்த சீட் டியூப் (இருக்கைக்குக் கீழுள்ள ஃபிரேம் குழாய்) இது. அகல ரிம்மில் 25 என்று போட்டதே 27-க்கு உப்பிவிடுகிறது, மிச்ச இடைவெளியில் ஒரு சின்னக் கல் மாட்டினாலே பெயின்ட் போய்விடும்.

அப்புறம், முன் பிரேக்கின் மூடி இன்னும் கிடைக்கவில்லை. பாக எண் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.