ஐபோனுக்கு நான்கு இலக்கக் கடவுக்குறியீடு போதுமா?

வழிப்போக்கன்:
நான்கு இலக்கம் வைப்பதும் கைப்பேசியைப் பூட்டாமல் விடுவதும் ஒன்றுதான் என்று கணியன் நேற்றுத் தீர்ப்பு எழுதிவிட்டார். பத்து முறை தவறாக இட்டால் தகவல் முழுவதும் அழியும்படி ஐபோனில் அமைக்கலாம் என்பதை அவர் அறியாரா? பத்தாயிரம் எண்களில் பத்தை மட்டும் முயலக்கூடிய திருடன் என்ன சாதித்துவிடுவான்?

கணியன்:
அறிவேன். அந்த அமைப்பை நாமே இயக்கினால்தான் உண்டு என்பதையும் அறிவேன். அதைத் தாங்கள் வசதியாக மறைத்துவிட்டீர்கள். ஒரு முயற்சியைச் சரிபார்க்க ஏறத்தாழ 80 மில்லிநொடி ஆகும்படி ஆப்பிள் வடிவமைத்திருக்கிறது. பத்து முறை அழிப்பு, தவறுகளுக்கிடையே காத்திருக்கவைக்கும் தாமதம் ஆகிய தடைகளைத் தாண்டிவிட்டவருக்குப் பத்தாயிரம் எண்களையும் முயல 800 நொடி போதும். கால் மணி நேரம்கூட இல்லை. ஆறு இலக்கமென்றால் பத்து லட்சம் எண்கள், 22 மணி நேரத்துக்கு மேல். 2015-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 9 வந்தபோது கைரேகை உணரியுள்ள கருவிகளில் ஆறு இலக்கத்தை இயல்பாக்கினார்களே, பொழுது போகாமலா?

வழிப்போக்கன்:
"தாண்டிவிட்டவருக்கு" என்ற ஒரு சொல்லில் வாதம் முழுவதும் தொங்குகிறது. அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச்சூட்டு வழக்கில், சுட்டவரின் பூட்டிய ஐபோனைத் திறக்க, 2016 பிப்ரவரியில், அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நீதிமன்ற ஆணை பெற்று ஆப்பிளிடம் கேட்டதே அந்தப் பத்து முறை அழிப்பையும் இடைத் தாமதத்தையும் முடக்கும் மென்பொருளைத்தான். பத்து முறை என்பது வெற்றுப் பூச்சாண்டியானால் அவர்கள் ஏன் அத்தனை தூரம் அலைந்தார்கள்?

கணியன்:
மார்ச்சிலேயே ஆப்பிளின் உதவியின்றி, வெளியார் துணையோடு அதே ஐபோன் 5சி-யைத் திறந்துவிட்டதைச் சொல்லாமல் விட்டது ஏனோ? பாதியைப் படித்துவிட்டு மீதியை மறப்பது தங்களுக்குப் புதிதன்று. காப்புநகல் பற்றிய விவாதத்திலும் இதையே செய்தீர்கள். மீண்டும் சொல்கிறேன்: 800 நொடி.

மலர்விழி:
வீட்டிலுள்ள குழந்தை விளையாட்டாகப் பத்து முறை அழுத்திவிட்டால் படங்களெல்லாம் போய்விடுமே, அதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை.

கணியன்:
சில தவறுகளுக்குப் பின் ஒரு நிமிடத்தில் தொடங்கும் காத்திருப்பு மணிக்கணக்கில் நீளும். அதுவரை பொறுத்திருந்து அழுத்தும் குழந்தையை நான் கண்டதில்லை. விஷயம் 800 நொடி.

வழிப்போக்கன்:
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கட்டைவிரல் நகர்வதைப் பார்த்தே எண்ணைப் படித்துவிடுகிறார். அங்கே ஆறென்ன, நான்கென்ன? ஆறு இலக்கத்துக்காரர்களில் பலர் பிறந்த நாளைத்தானே வைக்கிறார்கள்! தங்களுடையதும் அதுவோ?

கணியன்:
என் பிறந்த நாளை ஆராய்வதை விடுத்து, அந்த அழிப்பு அமைப்பு தங்கள் கருவியில் இயங்குகிறதா என்று முதலில் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
பத்து முறைக்கு இன்னும் பதில் வரவில்லை.

கணியன்:
800 நொடிக்கும் வரவில்லை.