எங்கட வயசுக்குக் கதை இல்லையா?

இந்த இணையக் குழுவில், வாசகர்களை நேரில் சந்தித்த அனுபவங்களை எழுதச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு நாளாக மற்றவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருகோணமலை. பகலில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை, இரவில் காதல் கதை. புனைபெயரில்தான் எழுதுகிறேன், ஊரில் தெரிந்தவர்கள் குறைவு. முதல் நாவல் 2012 இல் அச்சில் வந்தது, 500 பிரதி. 2014 இல் இணையத்தில் தொடர் எழுதத் தொடங்கினேன். 2016 கடைசியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்குத் தமிழ் வந்த பிறகு, முடிந்த தொடர்களை அங்கே போட்டு வருகிறேன். இன்றைக்கு 11 நாவல்கள். அதில் அச்சில் வந்தவை இரண்டே இரண்டு.

இரண்டாவது புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். நான் யூனிகோடில் தட்டச்சிடுகிறவள். இங்கே அச்சகங்களில் பக்கமாக்குவது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். ‘மௌனம்’ என்ற சொல் வந்த இடமெல்லாம் குழம்பிப் போயிருந்தது. காதல் கதையில் அந்தச் சொல் எத்தனை தடவை வரும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். மெய்ப்புப் பார்க்க ஐந்து நாள் அச்சகத்துக்குப் போய் வந்தேன். பக்கமாக்கியவர் அறுபது தாண்டிய ஒரு ஐயா. எழுத்தைத்தான் பார்ப்பார், கதையைப் பார்க்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். நான்காம் நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, உங்கட கதாநாயகி இரவு ஏழு மணிக்கு ஜெட்டியில நிண்டு மூதூர் லோஞ்சைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. அந்தக் காலத்தில இருட்டினாப் பிறகு லோஞ்ச் ஏது?”

லோஞ்ச் என்றால் மூதூருக்குப் போகும் படகு. கதை நடப்பது 90களில். அப்போது நான் சின்னப் பிள்ளை. ஐயா அரை மணி நேரம் கதைத்தார். சாமான்களைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றது, வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடல் குழம்பினால் வீட்டுக்குத் திரும்பி நடந்தது, எல்லாம் சொன்னார். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு அந்த வீதியில் மற்றப் பாலங்களும் வந்துவிட்டன. இன்றைய பிள்ளைகளுக்கு பஸ்ஸில் ஏறினால் மூதூர். நான் காட்சியைப் பின்னேரம் மூன்றரைக்கு மாற்றினேன். கடைசி லோஞ்சைத் தவறவிட்டவன் விடியும் வரை வர முடியாது என்றானதும், தளர்வாகக் கிடந்த அந்த அத்தியாயம் இறுகி நின்றது.

“நீங்களும் காத்து நிண்டிருக்கிறீங்களோ ஐயா?” என்று கேட்டேன்.

“ஒரு பங்குனி மாசம் முழுக்க” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழா 2017 இல். இந்தியாவில் இருக்கும் தோழிகளுக்காக ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வெளியீட்டு விழா என்றால் முதற்பிரதி ஒருவருக்கு, பிறகு சிறப்புப் பிரதி ஒவ்வொருவராக. பெயர் சொல்லி அழைக்க, மேடைக்கு வந்து புத்தகத்தை வாங்கி, உறையில் வைத்த காசைக் கையில் தருவார்கள். அந்த உறைகளால்தான் அச்சகக் கணக்குத் தீரும். இந்த வழக்கத்தைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. அந்த உறைகள் இல்லாவிட்டால் என் புத்தகம் வந்தே இராது.

விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம், வாசலில் ஒரு அக்கா நின்றார். உள்ளே வரவில்லை. நான் போனதும் கையில் இருந்த சொப்பிங் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். என் முதல் நாவல். நாட்காட்டித் தாளால் உறை போட்டிருந்தது. முதுகில் தைத்த நூல் தெரிந்தது. கடைசி வெற்றுத் தாளைத் திருப்பிக் காட்டினார். பென்சிலால் எழுத்துகள்: க, ச, பு, மீண்டும் க, வே... சில எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோடு. ஒவ்வொன்றும் வாசித்தவரின் முதலெழுத்து. இரண்டு கோடு என்றால் இரண்டு தரம் வாசித்தவர். நான் எண்ணிப் பார்த்தேன், 31.

அவர் சம்பூர். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் இருந்து, 2015 க்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியவர். புத்தகம் அந்த முகாமில் கொட்டில் கொட்டிலாகப் போய் வந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். புதுப் புத்தகத்தையும் கொடுத்தேன். அவர் பின் அட்டையை வாசித்துவிட்டுக் கேட்டார்: “இதுவும் சின்னப் பிள்ளையளின்ர கதைதானா? எங்கட வயசுக்குக் கதை இல்லையா?”

“எழுதுறன் அக்கா” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

“எழுதினா அவளச் சாகடிச்சுப் போடாதீங்க. பிள்ளையளுக்காக வேண்டாம் எண்டவள் எண்டும் முடிச்சுப் போடாதீங்க” என்றார். மூதூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அன்று இரவு என் நாவல்களின் நாயகிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். 21, 22, 24. ஒருத்தி 26, அவளைக் கதைக்குள்ளேயே ஊர் ‘வயது போனவள்’ என்கிறது. விதவைகள் வந்தால் அத்தையாகவோ அம்மாவாகவோ வந்து, நாயகிக்குப் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் மாவட்டத்தில் கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனை தெருவில் இருக்கிறார்கள்! அவர்கள்தான் என்னை வாசிக்கிறார்கள். அவர்களை நான் எழுதவேயில்லை.

எழுத நாலு வருடம் எடுத்தது. நாயகிக்கு 43 வயது, மூதூர்ப் பக்கத்திலிருந்து எருமைத் தயிர்ச் சட்டிகளை நிலாவெளி விடுதிகளுக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறவள். நாயகனுக்கு 48, கிண்ணியாப் பாதையில் வேலை செய்தவர், பாலம் வந்ததும் வேலை போய், உள்துறைமுக வீதியில் படகு இஞ்சின் திருத்துகிறவர். பாதையில் இருவரும் பழகும் காட்சிகள் பல எழுதி வைத்திருந்தேன். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் ஆள் ஏற்றிப் போன பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகு அந்தப் பக்கங்களைத் திறக்கவே மனம் வரவில்லை. அத்தனையையும் எடுத்துவிட்டேன். முன்பு பாதையில் வேலை செய்தார் என்ற ஒரு வரிதான் மிஞ்சியது.

தொடராகப் போட்டது 2022 இல். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கொப்பியில் எழுதி வைத்து, மின்சாரம் வரும்போது தட்டச்சிட்டு, நள்ளிரவு தாண்டி ஏற்றுவேன். முதல் வாரமே வந்த கருத்துகள் குத்தின. “இந்த வயதில் இது தேவையா?” “வளர்ந்த மகளை வைத்துக்கொண்டா?” பல வருடமாக என்னோடு இருந்த வாசகிகள் சிலர் சொல்லாமலே விலகிப் போனார்கள். அழுதிருக்கிறேன். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து புதுப் பெயர்கள் வரத் தொடங்கின. கருத்து எழுதிப் பழக்கமில்லாதவர்கள், ஒரே வரி: “எனக்கு 51. தொடர்ந்து எழுதுங்கள்.” “அடுத்தது எப்ப?” அந்த ஒரு வரிகளுக்காகத்தான் முடித்தேன்.

அதில் எனக்குப் பிடித்த அத்தியாயம் சுவாமி மலையில் நடப்பது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் வீதியோரம் படுத்திருக்கும் இடம் தாண்டி, மேலே ஏறுகிறார்கள். மலை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டைப் பார்த்துவிட்டுக் காற்றில் நிற்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துப் பிரான்சினா என்ற பெண், காதலனின் கப்பல் விட்டுவிட்டுப் போவதைக் கண்டு அங்கிருந்து குதித்தாள் என்று ஒரு கதை இருக்கிறது. 1687 என்று ஆண்டு பொறித்த தூணையும் காட்டுவார்கள். அவள் சாகவில்லை, சில வருடம் கழித்து இன்னொருவரை மணந்து வாழ்ந்தாள் என்று ஒல்லாந்தர் பதிவேடுகளை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. நாயகன் முதல் கதையைச் சொல்கிறார். தயிர்க்காரி இரண்டாவதைச் சொல்கிறாள். சம்பூர் அக்காவை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கத்தை எழுதினேன்.

தொடர் முடிந்ததும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டுக் கிண்டிலில் போட்டேன். சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிட்டெட்டில் சேர்த்தால் 90 நாட்களுக்கு மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது. வாசித்த பக்கக் கணக்குக்குத்தான் பணம். மூன்றாவது கிழமை, உப்புவெளியில் இருக்கும் என் பெரியம்மாவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. கூடவே குரல் பதிவு: “மகள், பஜனைக் குழுவில வந்தது. நல்ல கதை. வாசிச்சுப் பார்.”

என் நாவல். நான் வரைவித்த அட்டைப்படத்தோடு. யார் எடுத்தார்கள், எத்தனை கை மாறி வந்தது, ஒன்றும் தெரியாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிய ஆறு மாத இரவுகள் இலவசமாகக் கை மாறிக்கொண்டிருந்தன. பிடிஎஃப் பகிர்வது சும்மா ஒரு உதவி என்று நினைப்பவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து யோசியுங்கள். அது எங்கள் கூலி.

அடுத்த நாள் நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். அது நான் எழுதின கதை என்று சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். 1990 இல், 38 வயதில், பெரியப்பாவை இழந்தவர்.

“அப்ப அந்தத் தயிர்க்காரி நானா?”

“இல்லை பெரியம்மா. உங்களை நினைச்சு எழுதேல்ல.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அவள் ஓம் எண்டிட்டாள். நான் அந்த மனுசனுக்கு ஓம் எண்டு சொல்லேல்ல பிள்ளை.”

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. பெரியம்மாவிடம் கேட்டுத்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

*

கிண்ணியாவிலிருந்து ஒரு மறுமொழி:

ராத்தா, அந்தத் தொடரை நான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. மின்வெட்டு நேரத்தில் வாசலில் பாய் போட்டு, கைபேசியில் சார்ஜ் இருக்கும் வரை வாசிப்பேன். பக்கத்து வீட்டுச் சாச்சியும் வந்து இருப்பார். சுவாமி மலை அத்தியாயத்தில் உம்மா, “இன்னொருக்கா வாசி” என்றார். நானும் புனைபெயரில் எழுதுகிறேன், வீட்டில் தெரியாது. உங்கள் பதிவைப் பார்த்த பிறகு உம்மாவிடம் மட்டும் சொல்லலாம் போலிருக்கிறது.

மதுரையிலிருந்து ஒரு மறுமொழி:

‘பாதையில் வேலை செய்தவர்’ என்றதும் ரோடு போடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு நாலு அத்தியாயம் போய்விட்டேன் அக்கா. பிறகு ஒருவர் ஆளையும் வண்டியையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை என்று விளக்கினார். அடிக்குறிப்பு வேண்டாம், உங்கள் பேச்சு அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு சொல் கிடைத்தது. இன்னொன்று கேட்கலாமா? சம்பூர் அக்கா இந்த நாவலைப் படித்தாரா? பிடிஎஃப் விஷயம் என்ன ஆனது?

என் பதில்:

கிண்ணியாத் தங்கச்சி, உம்மாவிடம் சொன்னால் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

பிடிஎஃப்பை முழுவதுமாகத் தடுக்க முடியவில்லை. ஆனால் பெரியம்மா பஜனைக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார்: “இது எங்கட பிள்ளையின்ர கதை. வாசிச்ச ஆக்கள் காசு குடுங்கோ.” ஏழு பேர் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், வெளியீட்டு விழாவில் தருவது போலவே.

அச்சில் போடத்தான் ஆசை. அச்சகத்தில் கேட்ட விலை 2017 இல் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதனால் அந்த உறைக் காசில் ஒரே ஒரு பிரதியை அச்செடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, கடைசியில் வெற்றுத் தாள் ஒன்றும் சேர்த்து, மூதூர் பஸ் நடத்துனரிடம் கொடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டுப் பேசினார். தயிர்க்காரி சட்டியைத் தூக்கும் விதம் பிழை, இடுப்பில் அப்படி வைத்தால் தயிர் கலங்கிவிடும் என்றார். கிண்டில் பிரதியில் திருத்திவிட்டேன்.

அச்செடுத்த பிரதி இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை. போன கிழமை கேட்டபோது 14 பேர் பென்சிலால் போட்டிருந்தார்களாம். இப்போது தோப்பூரில் இருக்கிறதாம், யார் வீட்டில் என்று அக்காவுக்கும் சரியாகத் தெரியவில்லை.