பழைய பேப்பர்காரர் எடை எந்தக் கணக்கில் வருகிறது?

பெரம்பூரான்:
இந்த மன்றத்தின் பக்கத்து இழையில், பிரிட்டனின் வேல்ஸில் குடியிருக்கும் கார்டிஃப்வாசி எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். "வேல்ஸில் 65.7 சதவீதக் குப்பை மறுசுழற்சி ஆகிறது. சென்னையில் எல்லாமே பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குத்தான் போகிறது, மறுசுழற்சி சுத்தமாகப் பூஜ்ஜியம்" என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார். எங்கள் தெருவில் யாராவது பேப்பரைக் குப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறாரா? பேப்பர், பால் கவர், பாட்டில், ஓட்டை பக்கெட் எல்லாம் பழைய பேப்பர்காரர் தராசில்தான் ஏறுகின்றன. அந்த எடையை எந்த மாநகராட்சி எழுதி வைத்தது? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் சதவீதம் பேசட்டும்.

கார்டிஃப்வாசி:
ஊர்ப்பாசம் புரிகிறது சார். ஆனால் 65.7 என்பது நான் கைவிரலில் எண்ணிச் சொன்னதல்ல. 2022-23க்கு வேல்ஸ் அரசே வெளியிட்டது. ஒவ்வொரு கவுன்சிலும், அதாவது உள்ளாட்சியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்தப் பொருள் எத்தனை டன், எங்கே போனது என்று கணக்குக் காட்டுகிறது. இலக்கைத் தவறினால் அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. சாப்பாட்டுக் கழிவை மூடி போட்ட தனி டப்பாவில் வாரந்தோறும் எடுத்துப் போகிறார்கள். உங்கள் தெருவில் தனி டப்பா இருக்கிறதா?

பெரம்பூரான்:
டப்பாவைப் பற்றி யார் கேட்டது? பழைய பேப்பர்காரர் எடை எங்கே என்று கேட்டேன்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். "மறுசுழற்சி விகிதம்" என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேல்ஸின் 65.7 என்பது கவுன்சில் கையாளும் மொத்தக் கழிவுக்கான கணக்கு. எரிஉலையில் மிஞ்சும் அடிச்சாம்பல் சாலை போடப் போனால் அதையும் மறுசுழற்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரிட்டன் முழுவதற்கும் பொதுவான "வீடுகளிலிருந்து வரும் கழிவு" என்ற அளவுகோலில் 2022க்கு வேல்ஸ் 56.9, இங்கிலாந்து 43.4. ஏறக்குறைய அதே குப்பைதான், எண் மட்டும் வேறு.

சென்னையில் லாரி எடைமேடையில் ஏறும்போதுதான் கணக்கே தொடங்குகிறது. நிறை எடையில் காலி எடையைக் கழித்தால் அன்றைய குப்பை. மழை பெய்தால் அதுவும் டன்னில் ஏறும். பழைய பேப்பர்காரர் கொண்டுபோனது மேடைக்கே வராததால் வகுபடும் எண்ணிலும் இல்லை, வகுக்கும் எண்ணிலும் இல்லை. அதனால் உங்கள் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

பெரம்பூரான்:
பார்த்தீர்களா! 65.7 இல்லையாம், 56.9தானாம்! சாம்பலைச் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறவர் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார். இன்னொன்றும் சொல்கிறேன். அதே 2022-23இல் வேல்ஸ் அரசு வைத்த 64 சதவீத இலக்கைக் கார்டிஃப் தொடவே இல்லை. அவர் குடியிருக்கும் ஊர்! சாம்பலுக்குக் கணக்கில் இடம் உண்டு, எங்கள் பழைய பேப்பர்காரருக்குக் கிடையாதா?

கார்டிஃப்வாசி:
சரி, 56.9 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது எவ்வளவு? ஒரே ஒரு எண் சொல்லுங்கள் போதும். "எங்கள் தெரு", "எங்கள் வீடு" என்பதெல்லாம் எண் ஆகாது.

பெரம்பூரான்:
எடையே போடாதபோது எண் எங்கிருந்து வரும்? அதைத்தானே முதல் பதிவிலிருந்து கேட்கிறேன்!

அடையாறு அம்மா:
பேட்டரி வண்டியின் பக்கவாட்டில் ஒரு சாக்கு தொங்குமே, யாரும் கவனித்ததில்லையா? எங்கள் தெருவுக்கு வரும் பெண் நான் கொடுத்த அட்டைப் பெட்டியை மிதித்துத் தட்டையாக்கி அந்தச் சாக்கில் செருகுவார். பாட்டிலுக்கு இன்னொரு சாக்கு. அதையும் காயலான் கடையில்தான் போடுகிறார்கள். மாநகராட்சி வண்டியிலேயே போகும் மறுசுழற்சி, அதுவும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் நான் பச்சைத் தொட்டியில் பிரித்துப் போட்டதை அடுத்த தெரு முனையில் நீலத் தொட்டியோடு சேர்த்துக் கொட்டியதையும் பார்த்தேன். குப்பையைத் தரம் பிரிக்கச் சொன்ன 2016 விதிகள் வந்து இத்தனை வருடமாகியும் இந்த நிலைதான்.

பெரம்பூரான்:
அம்மா சொன்னதில் முதல் பாதிதான் என் கட்சி. இரண்டாம் பாதி அவர் தெருப் பிரச்சினை.

வைகைக்கரையான்:
சென்னைக்காரர்கள் அலட்டலுக்கு அளவே இல்லை. மத்திய அரசின் 2024-25 தூய்மைக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் சென்னை 38வது. இதில் வேல்ஸோடு போட்டியா?

பெரம்பூரான்:
அதே பட்டியலில் 40வது எந்த ஊர் என்று மதுரைக்காரரே சொல்லிவிடட்டும். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

வைகைக்கரையான்:
அந்தக் கணக்கெடுப்பே சரியில்லை.

பெரம்பூரான்:
நாங்கள் 38 என்றால் வேதவாக்கு, நீங்கள் 40 என்றால் கணக்கெடுப்பு சரியில்லையா? ஜல்லிக்கட்டு இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
வீடுவீடாகக் குப்பை எடுப்பது ஒரு அளவு, தரம் பிரிப்பது இன்னொன்று, கிடங்குக்குப் போகாமல் தடுத்தது வேறொன்று. தரவரிசை இதையெல்லாம் ஒன்றாகக் கலந்து மதிப்பெண் போடுகிறது. சென்னையில் ஒரு காலத்தில் ஒப்பந்ததாரர்களுக்கு டன் கணக்கில் பணம் கொடுத்தார்கள். எடைக்குப் பணம் என்றால் குப்பையைக் குறைக்க எவருக்கு மனம் வரும்? எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான்...

கார்டிஃப்வாசி:
கணக்குப்பிள்ளை, நீங்கள் யார் கட்சி?

கணக்குப்பிள்ளை:
நான் கட்சியே எடுக்கவில்லையே.

பெரம்பூரான்:
அவர் என் கட்சிதான். பழைய பேப்பர்காரர் எடை கணக்கில் இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

கார்டிஃப்வாசி:
அப்படியே சேர்த்தாலும் எந்தத் தராசை நம்புவது? நான் சென்னையில் இருந்தபோது வீட்டில் ஒன்றரைக் கிலோ காட்டிய பேப்பர் கட்டு, அவர் தராசில் ஒரு கிலோவைத் தாண்டியதே இல்லை. உங்கள் மறுசுழற்சி விகிதம் அவர் கட்டைவிரலில்தான் தொங்குகிறது.

பெரம்பூரான்:
உழைத்துச் சாப்பிடும் மனிதரைத் திருடன் என்கிறீர்களா? ஊரைவிட்டுப் போனதும் வாய் இப்படித்தான் நீளும்.

அடையாறு அம்மா:
தராசு விஷயத்தில் மட்டும் கார்டிஃப் தம்பி சொல்வது சரி. இப்போது எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் அப்படித்தான்.

பெரம்பூரான்:
எடை குறைவு என்றால் என் வாதம் இன்னும் பலமாகிறது! அவர் எடுத்துப்போவது தராசு காட்டுவதைவிட அதிகம் என்றுதானே அர்த்தம்? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வைகைக்கரையான்:
ஜல்லிக்கட்டு இழையில் நான் என்ன சொன்னேன்? வரியை எடுத்துப் போடுங்கள் பார்க்கலாம்.

பெரம்பூரான்:
போடுகிறேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன். யாரும் பதிவை அழிக்க வேண்டாம்.